நாற்பது வீட்டுக்குக் குளிசைக் கூறு

மருத்துவ ஆராய்ச்சி என்றால் என்ன என்று முசலிப் பக்கத்துக் கடலோரக் கிராமமொன்றுக்கு விளங்கப்படுத்தப் போனேன். எழுதிக்கொண்டு போன மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் வாசித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றேன். பள்ளிக்கூடக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். கடைசியில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, டொக்டர் ஐயாவோட காருக்குள்ள எத்தின பேர் வருவினம்?"

"ஏன் கேக்கிறியள்?"

"சோறாக்க வேணுமெல்லே."

அதோடு கூட்டம் கலைந்தது.

இது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பழைய நினைவு எழுத உட்கார்ந்துவிட்டான் என்று என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாரிமழை தொடங்கினால் எனக்கு எழுத நேரமிருக்காது.

என் சொந்த இடம் மன்னார்த் தீவு. பாதிரிமார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்துவிட்டு, கையில் அகப்பட்ட இங்கிலீசுப் புத்தகத்தையெல்லாம், மாட்டு வைத்தியப் புத்தகம் உட்பட, வாசித்துக்கொண்டு திரிந்தேன். அப்பு என்னை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக்கிவிட ஓடித் திரிந்தார். "கந்தோர்க் கதிரையில ஒருக்கா இருந்திட்டாய் எண்டால் பேந்து பென்சன் வரைக்கும் உன்னை ஒருத்தரும் எழுப்பேலாது" என்று ஆசை காட்டுவார். அவருக்கு அது ஆசை. எனக்கு அதைக் கேட்டவுடன் கால் இரண்டும் தாமாக வாசலுக்குப் போகும்.

அப்படித் திரிந்த நாளில்தான் டொக்டர் வந்தார். கொழும்பில் சர்வகலாசாலையில் மருத்துவம் படிப்பிக்கிறவர், பிறந்தது யாழ்ப்பாணப் பக்கம். எங்கள் ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று, "இங்கிலீசும் தமிழும் தெரிஞ்ச, நல்லா நடக்கக்கூடிய ஆள் ஆரும்..." என்று அவர் கேட்டு முடிக்கமுன், "நான் இருக்கிறன் சேர், ஓடவும் ஏலும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடுதாசி மூன்றை நீட்டினார்.

அவர் செய்யப்போகும் ஆராய்ச்சி இதுதான். முசலிப் பக்கத்தில் மாரி பெய்து குளங்குட்டை நிரம்பினால் நுளம்பு பெருகும். நுளம்போடு மலேரியா என்கிற நடுக்கற்காய்ச்சல் வரும். வந்தபின் கொயினா கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. வருமுன்னமே கிழமைக்கு ஒரு புதுக் குளிசை விழுங்கினால் காய்ச்சலைத் தடுக்கலாமோ என்பது டொக்டரின் கேள்வி. அதற்கு நாற்பது வீடு வேண்டும். இருபது வீட்டுக்கு மருந்துக் குளிசை. மற்ற இருபது வீட்டுக்கு அதே நிறம், அதே பருமன், அதே சீனிப் பூச்சு, ஆனால் உள்ளே மருந்தில்லாத வெறும் குளிசை. எந்த வீட்டுக்கு எது என்று வீட்டாருக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்கும் தெரியாது. கொழும்பில் ஒட்டி வைத்த கடித உறை ஒன்றுக்குத்தான் தெரியும். மாரி முடிய உறையைத் திறந்து, எந்தப் பக்கத்தில் காய்ச்சல் குறைவு என்று பார்ப்பது. இடையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த வீடென்று பாராமல் உடனே கொயினா.

வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு கெட்டித்தனமான ஏற்பாடு! டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உமக்கு விளங்கினது காணாது. நாற்பது வீடும் விளங்கிச் சம்மதிக்க வேணும். சும்மா தலையாட்டுற சம்மதம் எனக்கு வேண்டாம். அதைச் செய்து முடிச்சீர் எண்டால், நான் திரும்பிப் போகேக்க உம்மையும் கூட்டிக்கொண்டு போறன். என்ர ஆய்கூடத்தில ஒரு இடம் காலியாய் இருக்கு."

அன்று முதல் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு ஞாபகமில்லை. கொழும்பு, ஆய்கூடம், நுணுக்குக்காட்டி. நுணுக்குக்காட்டியை நான் படத்தில்தான் கண்டிருந்தேன்.

ஆக, விதானையார் சோற்றைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அழுகை வந்ததில் வியப்பில்லை.

மறுநாளும் கூட்டம் போட்டேன். இந்த முறை கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வாயால் சொன்னேன். வெறும் குளிசை என்ற இடம் வந்ததும், கதவோரம் முக்காட்டோடு நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினார். மீன்காரர் ஒருவரின் மனைவி. ராத்தா என்றால் அக்கா; ஊரில் எல்லாருக்கும் அவர் கிணத்தடி வீட்டு ராத்தா. மூன்று பிள்ளைகள். மூன்றும் மாரிக்கு மாரி காய்ச்சலில் படுக்கும். ஆகையால் மற்றவர்கள் சோற்றைப் பற்றி யோசித்தபோது அவர் குளிசையைப் பற்றி யோசித்திருக்கிறார்.

"தம்பி, ஒருக்கா நில்லுங்கோ. உள்ள ஒண்டுமில்லாத குளிசையையோ கொழும்பில இருந்து கார் பிடிச்சுக் கொண்டு வாறியள்?"

"ஓம் ராத்தா."

"ஒண்டுமில்லாதது எங்கட ஊரிலயே நிறையக் கிடக்கே. இங்கயே எடுத்திருக்கலாமே."

கொட்டில் சிரிப்பால் அதிர்ந்தது. நான் விடவில்லை. எல்லாருக்கும் மருந்து கொடுத்து, காய்ச்சல் குறைந்தால், அது மருந்தாலா, அந்த வருசம் மழை குறைந்ததாலா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் வைத்துப் பார்க்க மருந்து தின்னாத ஆட்கள் வேண்டாமா?

"அப்ப அந்த இருபது வீட்டுக்கும் ஒண்டும் குடாமல் விடுங்கோவன். ஏன் பொய்க் குளிசை?"

"மருந்து திண்டனாங்கள் எண்ட நினைப்பிலயே சிலருக்குச் சுகமாகிவிடும் ராத்தா. அந்த நினைப்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் இருக்க வேணும்."

"அது உண்மைதான்" என்றார் விதானையார். "என்ர பொஞ்சாதிக்கு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே தலையிடி நிண்டிடும்."

அதுவரை சரி. ஆனால் எந்த இருபது வீடு? இதில்தான் எல்லாரும் இறுகினார்கள். விதானையாருக்கு வேண்டிய வீட்டுக்கு மருந்தும் வேண்டாத வீட்டுக்கு வெறுமையும் போகும் என்று ஒரு பக்கம். டொக்டர் முகத்தைப் பார்த்துத் தெரிந்தெடுப்பார் என்று இன்னொரு பக்கம். ஒருவரும் தெரிந்தெடுப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது என்றேன். "கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடுக்கிற டொக்டரோ?" என்று இரண்டு மூன்று பேர் எழும்பியே போய்விட்டார்கள். மூன்றாம் நாள் முடிய எனக்குச் சம்மதித்த வீடு இரண்டு. ஒன்று நான் தங்கியிருந்த விதானையார் வீடு. மற்றது அவருடைய மருமகன் வீடு.

வெள்ளிக்கிழமை காலை ஊரார் சேர்ந்து ஒரு மாடு அறுத்தார்கள். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். பெரிய பனையோலைப் பாய் விரித்து, வீட்டுக்கு ஒன்றாக இறைச்சியைக் கூறு போட்டிருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் பாய்க்கு முதுகைக் காட்டி, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். விதானையார் ஒரு கம்பால் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்றார்.

மோதினார் திரும்பாமலே, "புளியடி வீட்டுக்கு" என்றார்.

"இது ஆருக்கு?"

"கிணத்தடி வீட்டுக்கு."

"மோதினார் மூக்கால பாத்துத்தான் சொல்லுறவர்" என்று ராத்தா ஒரு குத்தல் போட்டார். "ஈரல் கூடுதலாய்க் கிடக்கிற கூறெல்லாம் அவற்ற மச்சான் வீட்டுக்குத்தானே போகுது!"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது பிள்ளை, மணம் எப்பிடி எனக்கு வரும்?" என்றார் மோதினார், அப்போதும் திரும்பாமல்.

நான் துள்ளிவிட்டேன். உண்மையாகவே துள்ளினேன், பக்கத்தில் நின்ற ஆடு வெருண்டு ஓடியது. மூன்று நாளாக நான் தொண்டை கிழியக் கத்தியதை இவர்கள் ஒவ்வொரு மாட்டுக்கும் செய்துகொண்டிருக்கிறார்களே!

"இதுதான்! டொக்டர் செய்யப்போறது இதுதான்! கூறு! ஆருக்கு எது எண்டு தெரியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பேரைச் சொல்லுறது!"

விதானையார் கம்பை நிலத்தில் ஊன்றினார். "அட, கூறோ? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி. அந்த மூண்டு பக்கத்தில என்ன கிடந்தது?"

அன்று பின்னேரத்துக்குள் நாற்பது வீடும் சம்மதம். படிக்கத் தெரிந்தவர்கள் கையெழுத்து வைத்தார்கள், மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள். ராத்தா பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டே, "கூறு எண்டால் கூறுதான், பேந்து மாத்தக் கூடாது" என்றார். "மாத்த மாட்டம்" என்று நான் நெஞ்சில் கை வைத்தேன்.

டொக்டருக்கு எழுதிய கடிதத்தில் என்னை நான் புகழவில்லை. ஆனால் யார் வாசித்தாலும் புகழத் தோன்றும்படி எழுதினேன். பத்தாம் நாள் லொறியில் இரண்டு பெரிய தகர டப்பா வந்தது. ஒன்றின் மூடியில் ஒரு வட்டம், மற்றதில் ஒரு சிலுவைக் கோடு. எது மருந்து, எது வெறுமை என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. "பூட்டி வையும், வியாழக்கிழமை வாறன்" என்று ஒரு துண்டு. விதானையார் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் மன்னாருக்கு ஓடினேன். கொழும்புக்குப் போகிறவனுக்குச் சப்பாத்து வேண்டாமா? வீட்டில் சொல்ல வேண்டாமா? அப்பு, "அங்கயும் கதிரை இருக்கும்தானே?" என்று கேட்டார். "இருக்கும் அப்பு, ஆனா அதில இருக்க நேரமிராது" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் சப்பாத்துக்குக் கறுப்பு மை பூசித் தந்தார்.

வியாழக்கிழமை காலை, பளபளத்த சப்பாத்தோடு ஊருக்குள் வந்தேன். பள்ளிக்கூடக் கொட்டிலுக்குள் நல்ல சத்தம். எட்டிப் பார்த்தேன். தரையில் பனையோலைப் பாய். பாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குளிசைக் குவியல்கள். நாற்பது. கடல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மோதினார் நிற்கிறார். விதானையார் கையில் கம்பு.

"வாங்கோ தம்பி, வாங்கோ! டொக்டர் ஐயா வாறதுக்கிடையில வேலையை முடிச்சு வைச்சிடுவம் எண்டு பாத்தம். கரைச்சல் இல்லையெல்லே?"

"டப்பா... டப்பா ரெண்டும் எங்க?"

இரண்டு டப்பாவும் வாசலில் கவிழ்ந்து கிடந்தன, வெறுமையாக.

"எது எந்த டப்பாவுக்குள்ள இருந்தது எண்டு அடையாளம்..." என்று நாக்குளறினேன்.

ராத்தா பெருமையோடு ஒரு குவியலைக் காட்டினார். "ஒவ்வொரு கூறிலயும் வட்டத்தில பாதி, சிலுவையில பாதி. ஒரு குளிசைகூடப் பிசகேல்ல. நானும் சேந்துதான் பிரிச்சனான்."

"ஐயோ ராத்தா! கலக்கக் கூடாது எண்டு..."

"கலக்காமல் எப்பிடித் தம்பி கூறு போடுறது? நீங்கள்தானே சொன்னியள் இது கூறு எண்டு. ஒரு வீட்டுக்கு முழு ஈரலும் மற்ற வீட்டுக்கு முழு எலும்பும் குடுக்கிறது எந்த ஊரில கூறு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை நான் மோதினாரின் முதுகைத்தான் பார்த்தேன். பாயைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்புமுன், ஒவ்வொரு குவியலிலும் இறைச்சி, எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விழும்படி அவர்கள் ஒரு மணித்தியாலம் பாடுபட்டுச் சரிசெய்கிறார்கள். ஈரலைப் பற்றிக் குத்தல் வருவதே அது எங்கோ ஒரு துண்டு கூடிவிட்டது என்பதால்தான். முதுகைத் திருப்புவது கடைசி வேலை. நான் அந்தக் கடைசி வேலையை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டை வெருட்டியிருக்கிறேன்.

"திரும்பப் பிரிக்கலாம்" என்றேன், பாயோரம் குந்திக்கொண்டு.

"எப்பிடிப் பிரிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரியெல்லே" என்றார் விதானையார்.

"நக்கிப் பாப்பம்" என்றார் மோதினார். "கசக்கிறது மருந்து."

"சீனி பூசியிருக்கு மோதினார்" என்று முனகினேன்.

"அப்ப கடிச்சுப் பாப்பம்."

அவர் ஒன்றை வாயருகே கொண்டுபோன அதே நேரம் கார்ச் சத்தம் கேட்டது.

டொக்டர் உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார். கவிழ்ந்த டப்பாக்களைப் பார்த்தார். என் சப்பாத்தைப் பார்த்தார். ஊரார் எழும்பி நின்று சலாம் சொன்னார்கள். யாரோ தேத்தண்ணிக்கு ஓடினார்கள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொழும்பு தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. முடிந்ததும் அவர் என்னை விட்டுவிட்டு ராத்தா பக்கம் திரும்பினார்.

"அப்ப, அரைவாசி வீட்டுக்கு வெறும் குளிசை குடுக்க உங்களுக்குச் சம்மதமில்லையோ?"

ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அப்பிடி நான் சொல்லேல்ல ஐயா. குடுங்கோ. ஆனா ஆருக்குக் குடுத்தாலும் அவையளுக்கே முழுக்கக் குடுக்கக் கூடாது. என்ர மூண்டும் வெறுமைப் பக்கம் விழுந்தால் நான் என்ன செய்யிறது? கொயினா தருவியள்தான். தந்தாலும் நடுங்கிறது நீங்களோ, என்ர பிள்ளையளோ?"

ராத்தா கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கட கரையில வலை இழுக்கிற இடம் ரெண்டு இருக்கு ஐயா. ஒண்டில நல்ல மீன். மற்றதில கல்லும் பாசியும். நல்ல இடம் எப்பவும் ஒருத்தருக்கே எண்டால் அடிபாடுதான் வரும். அதால முறை வைச்சிருக்கிறம். இந்த முறை அவை, அடுத்த முறை நாங்கள். கல்லில வலை கிழிஞ்சாலும் வாய் திறக்க மாட்டம், அடுத்தது எங்கட முறை எண்டு தெரியும்."

டொக்டர் பக்கத்தில் கிடந்த வாத்தியாரின் கதிரையில் மெதுவாக இருந்தார். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் வாங்கிய அந்த மூன்று பக்கத்தின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார். தேத்தண்ணி வந்தது, ஆறியது. அவர் நிமிரவில்லை. மோதினார் குளிசையைக் கையில் வைத்தபடியே நின்றார். விதானையார் கண்ணால் என்னிடம், "கோவமோ?" என்று கேட்டார். தெரியாது என்று நானும் கண்ணால் சொன்னேன்.

கடைசியில் டொக்டர் தலை நிமிர்ந்தார். "இந்த மாரிக்கு இருபது வீட்டுக்கு மருந்து, இருபது வீட்டுக்கு வெறுமை. அடுத்த மாரிக்கு மாத்திக் குடுக்கிறது. மாத்தினது எப்பவெண்டு மட்டும் சொல்லுவம், முதல்ல ஆருக்கு எது எண்டு சொல்ல மாட்டம். இப்பிடியெண்டால்?"

"இப்பிடியெண்டால் இது முறை" என்றார் ராத்தா. "அப்ப சரி."

"ஒரே வீடு ரெண்டையும் திண்டு பாக்குது. வீட்டுக்கு வீடு ஒப்பிடுறதோட, அந்த வீட்டை அந்த வீட்டோடயும் ஒப்பிடலாம். நான் முதலில போட்ட திட்டத்தை விட இது நல்லது." அதை அவர் எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியவில்லை. பிறகு பாயைக் காட்டி, "இது எல்லாம் வீண். புதுசு அனுப்புறன். மோதினார், கையில இருக்கிறதையும் போடுங்கோ" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. கார் வாசலில் நிற்கிறது, சப்பாத்து காலில் இருக்கிறது, நாற்பது வீடும் சம்மதம், அதுவும் விளங்கிய சம்மதம். டொக்டர் பேனையை மூடினார்.

"ஒரு மாரியெண்டால் நான் இடைக்கிடை வந்து பாத்திருப்பன். ரெண்டு மாரியெண்டால் அது சரிவராது. கிழமைக்குக் கிழமை குளிசை குடுத்து, விழுங்கிறதைக் கண்ணால பாத்து, ஆருக்குக் காய்ச்சல், எத்தின நாள் எண்டு எழுத இங்கயே ஒரு ஆள் இருக்க வேணும்."

கொட்டிலுக்குள் இருந்த அவ்வளவு தலையும் என் பக்கம் திரும்பியது. மோதினாரின் தலைகூட.

"சேர், அந்த ஆய்கூடத்தில இடம்..."

"இருக்கும். ரெண்டு மாரி முடிய எழுதின கொப்பியோட வாரும்."

"கொழும்பு எங்க ஓடப்போகுது தம்பி?" என்றார் ராத்தா. "அது அங்கயேதான் கிடக்கும்."

மறுத்துவிட்டு மன்னாருக்குப் போகலாம்தான். கச்சேரிக் கதிரை ஒருமுறை என் கண்முன் வந்து நின்றது. "ஓம் சேர்" என்றேன், அது இன்னும் கிட்ட வருமுன்.

இப்போது பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய சின்ன அறையில் இருந்து இதை எழுதுகிறேன். புது டப்பா வந்துவிட்டது. விதானையார் அலுமாரித் திறப்பை இந்த முறை என்னிடம் தந்துவிட்டார். வடகிழக்கில் இரண்டு நாளாக மேகம் கட்டுகிறது. நாளை வெள்ளிக்கிழமை, தொழுகை முடிய முதல் குளிசை. காய்ச்சல் எந்தப் பக்கம் கூடுதலாக வரும் என்று எனக்குத் தெரியாது. ராத்தாவின் மூன்று பிள்ளைகளும் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வேலை என்று அறிவு சொல்கிறது. அந்த மூன்று முகமும் பழகிய பிறகு தெரியாமல் இருப்பது லேசாக இல்லை.

இன்று பின்னேரம் ராத்தா வந்து, நான் கோடு போட்டு வைத்திருந்த கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நடக்கிறதெல்லாம் எழுத வேணுமோ?"

"ஓம் ராத்தா."

"என்ர இளையவள் சீனியை நக்கிப்போட்டு மிச்சத்தைத் துப்பினாள் எண்டால்?"

"அதையும் எழுத வேணும்."

"மூத்தவள் தன்ர குளிசையையும் தங்கச்சிக்கு நக்கக் குடுத்தாள் எண்டால்?"

"அதையும்தான்."

அவர் கொப்பியைத் தூக்கி, பக்கங்களை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது காணாது தம்பி. என்ர வீட்டுக்கே ஒரு கொப்பி வேணும்."

டொக்டருக்கு இன்னும் இரண்டு கொப்பி கேட்டு எழுதிய கடிதம் காலை லொறியில் போகிறது.